வண்டிச் சாவி மட்டும்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு வருடம் அவரிடம் பைக்கை விட்டு எடுத்திருக்கிறேன். முதல் மாதமே கேட்டிருக்கலாம். மூன்று வருடம் கழித்து ஒருவரிடம் போய் "உங்க பேரு என்ன?" என்றால் நன்றாகவா இருக்கும்? அப்படியே விட்டதில் கேட்கிற பருவம் தாண்டிவிட்டது. கல்கத்தா லேக் கார்டன்ஸில் எல்லோரும் அவரை 'தாதா' என்றார்கள். அவரும் எங்கள் எல்லோரையும் 'தாதா' என்றார். எல்லோருக்கும் எல்லோரும் அண்ணன். வெளியூர்க்காரர் யாராவது வந்தால், இதில் மெக்கானிக் யார் என்று தேடவேண்டியிருக்கும்.

கடைக்கு ஒரே ஷட்டர். வண்டி பாதி உள்ளே, பாதி நடைபாதையில் நிற்கும். மேலே தொங்கிய பலகையில் வங்காளத்தில் என்னவோ எழுதியிருந்தது. எனக்கு அந்த எழுத்து வராது. மெக்கானிக் கடை என்றுதான் இருக்கும் என்று ஒரு வருடம் நம்பியிருந்தேன். என் மனைவிதான் ஒருநாள் படித்துவிட்டுச் சிரித்தாள். முன்பு அங்கே இருந்த ஹோமியோபதி டாக்டரின் பலகையாம். இவர் கழற்றவே இல்லை. "அடுத்தவர் பலகை. அவர் வந்து கேட்டால்?" என்றாராம். டாக்டர் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது.

இந்த இடத்திலேயே அவரை முழுக்கச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. எனக்கு எதுவும் அன்றைக்கே புரிவதில்லை.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் அவர் சொல்வது: "வண்டிச் சாவி மட்டும்." சொல்லிவிட்டு முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாம் வளையத்திலிருந்து பைக் சாவியைக் கழற்றி, மற்ற சாவிகளைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு, "ம்" என்று கனைத்த பிறகுதான் திரும்புவார். அதையும் இரண்டு விரலால்தான் வாங்குவார். அதே மாதிரி பைக்கின் பக்கவாட்டுப் பெட்டி. நாமே திறந்து, நாமே காலி செய்து, காலியாக இருப்பதை அவருக்குக் காட்டவேண்டும். ஒரு திங்கட்கிழமை நான் காலி செய்தபோது வியாழக்கிழமை இட்லி வெளியே வந்தது. அவர் முகத்தைத் திருப்பியது நாகரிகத்தாலா மூக்கினாலா என்று இன்றுவரை தெரியாது.

ஒருமுறை சீட்டுக்கு அடியில் ஒரு கூந்தல் கிளிப் கிடந்தது. அவர் தொடவில்லை. பேங்கில் இருந்த எனக்குப் போன் செய்து, வரவழைத்து, தூரத்தில் நின்றபடியே ஸ்பேனரால் சுட்டிக்காட்டினார். "பௌதியோடது." பௌதி என்றால் அண்ணி, இங்கே என் மனைவி. பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னுது இல்லையே" என்றாள்.

வண்டி செகண்ட் ஹேண்ட் என்று நான் விளக்கினேன். எனக்கு விற்ற ஆள் கல்யாணமாகாதவர் என்று முன்பு நானே சொல்லியிருந்ததை அவள் விளக்கினாள். ஒரு வாரம் என் டிபன் பாக்ஸில் மோர் சாதம் மட்டும் இருந்தது. மெக்கானிக்கின் நேர்மையால் குடும்பம் கலைய இருந்தது இந்தக் கல்கத்தாவில் எனக்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

இனி என் சாவிக் கொத்து. எங்கள் பக்கத்தில் எங்களைத் தவிர பதிமூன்று தமிழ்க் குடும்பங்கள். மே மாதம் லீவு விட்டால் கும்பலாக ஊருக்குப் போவார்கள். துர்கா பூஜை லீவில் இன்னொரு தடவை. எனக்குப் பேங்கில் அந்த நேரம் பார்த்து லீவு கிடைக்காது. ஆகவே துளசிக்குத் தண்ணீர் ஊற்ற, பிரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்க்க, சாமிக்கு ஒரு விளக்கு ஏற்ற, எல்லா வீட்டுச் சாவியும் என்னிடம் வரும். "நம்ம சார் இருக்காரே!" என்று ரயிலுக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருவர் வளையத்தில் பித்தளைப் பிள்ளையார். இன்னொன்றில் ஆட்டினால் கிணுகிணுக்கும் மணி. ஒரு மாமியின் சாவி கோயில் கதவைத் திறக்கிற அளவில் இருக்கும். அத்தனையையும் ஒரே வளையத்தில் கோத்து, பைக் சாவியையும் அதிலேயே மாட்டி, தெருவே அதிர நான் போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் இல்லை, நிறைய.

பைக்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு அறை பிளாட்டில் நான், மனைவி, என் அப்பா, அம்மா. சுவர்கள் மெல்லியவை, அம்மாவின் காது கூர்மையானது. நாங்கள் இருவரும் தனியாகப் பேசக் கிடைத்தது காலையில் நாற்பது நிமிடம். சால்ட் லேக்கில் அவளை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு நான் என் பேங்குக்குப் போவேன். எங்கள் தாம்பத்தியத்தின் முக்கால்வாசி ஹெல்மெட்டுக்குள் நடந்தது. பாதி காதில் விழாது. விழாத பாதிக்கும் நான் "ஆமா" என்று சொல்லிவிடுவேன். சில பெரிய முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்பட்டன.

அந்த மே மாதம் வண்டி விக்கத் தொடங்கியது.

ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு விக்கல். எஞ்சின் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு மறுபடி ஓடும். இரண்டு நாள் ஒன்றும் இருக்காது. மூன்றாம் நாள் வரிசையாக நாலு. ஒரு காலை, டிராம் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் விக்கி, அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் வந்த மினி பஸ் கிறீச்சிட்டு நின்றது. எங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை இடைவெளி இருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து என் பரம்பரையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மனைவிக்கு முழுதும் புரிந்தது.

அவள் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"இது சரியாகுத வரைக்கும் நான் ஏறமாட்டேன்" என்றாள்.

"சரியாயிரும். நான் பாத்து..."

"நீங்க சரியாயிட்டுன்னு சொன்னா நம்பமாட்டேன். நீங்க எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுதிய. அந்தத் தாதா சொல்லட்டும், ஏறுதேன்."

மறுநாளிலிருந்து ஆபீஸ் பஸ். எனக்கு நாற்பது நிமிடம் போய்விட்டது. பின்சீட் காலியாக இருந்ததில் வண்டி இன்னும் லேசாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அவரிடம் போனேன். சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். கொத்தைப் பேன்ட் பையில் போட்டேன். பேன்ட் ஒரு பக்கமாக இறங்கியது; ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். விக்கல் இல்லை.

"பிளக்கை மாத்திடுங்களேன்" என்றேன், ஏதோ தெரிந்தவன் மாதிரி.

"ஆகே ஷுனி" என்றார். முதலில் நான் கேட்கிறேன் என்று அர்த்தம். "நான் கேக்காத சத்தத்துக்கு எதையும் மாத்தமாட்டேன், தாதா."

போனில் பதிவு செய்து கொண்டுபோனேன். அதில் ஹாரன்கள், ஒரு ஆட்டோக்காரரின் கோபம், என் மூச்சு. "இது போனோட சத்தம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, பலகைக்குரிய டாக்டரே கீழே இறங்கி வந்தது போல விசாரிக்கத் தொடங்கினார். காலையிலா மாலையிலா? வண்டி சூடாகும் முன்னாலா பின்னாலா? பெட்ரோல் எவ்வளவு? மழையா? பள்ளத்திலா, சமதரையிலா? பௌதி பின்னால் இருக்கும்போதா? விக்கும்போது இண்டிகேட்டர் விளக்கு, ஹாரன், இதெல்லாம் என்ன ஆகிறது?

"கவனிக்கலையே."

"என்ன செஞ்சுகிட்டு இருந்தீங்க?"

"கண்ண மூடிகிட்டு இருந்தேன்."

அதையும் எழுதிக்கொண்டார்.

"ஏக்டா ஏக்டா கொரே" என்பார். ஒவ்வொன்றாக. பெட்ரோல் வருகிறதா? வருகிறது, அதற்கு ஒரு டிக். பிளக்கின் நுனி பழுப்பாக இருக்கிறதா? இருக்கிறது, டிக். காயில், ஒயர், கார்புரேட்டர் எல்லாம் டிக். எதுவும் கெட்டுப்போகவில்லை. மூன்று நாள் அவரே வைத்து ஓட்டினார். டிராம் லைன் மேல் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினார். நோயாளி படு ஆரோக்கியம். வண்டி என் கைக்கு வந்து, நான் வளையத்தில் சாவியைக் கோத்து, தெருமுனை திரும்பியதும்: விக்.

"ஒருவேளை கோளாறு உங்ககிட்டயோ?" என்றார். கிண்டல் இல்லை; சந்தேகம். என்னை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து, என் முதுகில் காதை வைத்தபடி வந்தார். விக்கவில்லை. கொத்து அப்போதும் என் பேன்ட் பையில்தான் இருந்தது. ஒரு கையால் பேன்ட்டையும் ஒரு கையால் ஹேண்டிலையும் பிடித்து ஓட்டியதில் நாங்கள் இருவரும் போய்ச் சேராதது ஆச்சரியம்.

"என்ன தாதா இது?" என்றேன்.

"ஜானி நா" என்றார். தெரியவில்லை. அந்த வார்த்தையை அவர் சாப்பிட்டாச்சா என்பது மாதிரி சர்வசாதாரணமாகச் சொல்வார். பேங்கில் யாரும் யாரிடமும் சொல்லத் துணியாத வார்த்தை. எனக்கும் குழப்பம், அவருக்கும் குழப்பம். நான் குழம்பினால் நாலு பேருக்குத் தெரியும். அவர் குழப்பம் அவருடைய மற்றச் சாமான்களோடு ஒழுங்காக ஒரு மூலையில் இருந்தது.

ஜூன் வந்தது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி, சாவிகளை வாங்கிக்கொண்டு, எனக்கு முறுக்கு கொடுத்தார்கள். வண்டி ஒரு நாள் கூட விக்கவில்லை. ஜூலை, ஆகஸ்ட், அப்படியே பட்டு மாதிரி ஓடியது. நான் அவரிடம் போய்க் கெஞ்சினேன். "பௌதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. சரியாயிடுச்சே!"

"தானா போச்சு. தானா வரும். அப்ப பௌதி பின்னாடி இருப்பாங்க" என்றார். சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை. நோட்டில் கடைசிப் பக்கம் காலியாக இருந்ததைக் காட்டினார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேறு எந்த மெக்கானிக்கும் சொல்லியிருப்பார். நான் மெக்கானிக்காக இருந்திருந்தால் மே மாதமே சொல்லியிருப்பேன்.

பூஜை நெருங்கியது. தெருவில் மூங்கில் பந்தல் எழும்பியது. சாவிகள் வந்தன. விக்கலும் வந்தது.

இந்தத் தடவை என் மனைவி பேச்சை நீட்டவில்லை. "ஞாயித்துக்கெழம ஒருத்தரு வண்டியப் பாக்க வாராரு. வித்துருவோம். நீங்களும் பஸ்ஸுல போங்க."

"சனிக்கிழமை ஒரே ஒரு தடவை அவர்கிட்ட..."

"நானும் வாரேன்" என்றாள். "அவரு வாயால கேட்டுட்டா எனக்கும் மனசு ஆறும்."

சனிக்கிழமை நான் விக்கி விக்கி ஓட்டிப்போனேன். அவள் நடந்து வந்து சேர்ந்தாள். அவர் வழக்கம் போல "வண்டிச் சாவி மட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நகத்தால் வளையத்தைப் பிரிக்கிறேன். பிள்ளையார் குறுக்கே வருகிறார். மாமியின் கோயில் சாவி சிக்குகிறது. நகம் ஒடிந்தது.

"கோட்டி பிடிச்ச மாதிரி எதுக்கு இந்தப் பாடு?" என்று என் மனைவி கொத்தோடு பிடுங்கி, "இந்தாங்க தாதா" என்று அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

அவர் அப்படியே நின்றார். சூடான எதையோ கையில் வைத்துவிட்டது போல ஒரு கணம் முகம் மாறியது. கீழே போடவும் இல்லை, மூடிக்கொள்ளவும் இல்லை. கை மட்டும் மெல்லத் தாழ்ந்தது. பிறகு கையை ஒருமுறை மேலே தூக்கிப் பார்த்தார். மறுபடி தாழ விட்டார்.

"இது எப்பவும் இதுலதான் தொங்குமா?"

"எப்பவும் இல்ல. மே மாசம், பூஜா லீவு, அப்ப மட்டும். மத்த நாள்ல என் வீட்டுச் சாவி ஒண்ணுதான்" என்று நான் கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். "மொத்தம் பதினாலு வீடு."

அவர் நோட்டை எடுத்துப் பிரித்தார். மே. அக்டோபர். நடுவில் காலி. பக்கத்து உருளைக்கிழங்குக் கடைத் தராசில் என் மனைவியையே கொத்தை வைக்கச் சொன்னார். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சாவியைச் செருகச் சொன்னார். கொத்து கீழே தொங்கியது. விரல் நுனியால் பிள்ளையாரை லேசாக ஒரு தட்டு தட்டினார். நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு கண்ணடித்தது. இன்னொரு தட்டு. இன்னொரு கண்ணடிப்பு.

"ஓ" என்றேன். எனக்குப் புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் பதினாலு வீடும் அந்தச் சின்னத் துவாரத்தைப் பிடித்து இழுக்கிறது; உள்ளே ஸ்விட்ச் தேய்ந்து, ஒரு கணம் தொடர்பு விட்டுப் போகிறது.

"நின்னா இது. ஓடும்போதும் இதேதானா? ஜானி நா. ஓட்டிப் பாக்கணும்" என்றார்.

அங்கேதான் சிக்கல். ஓட்டவேண்டியது அவர், காது அவருடையது. தொங்கவேண்டியது பதினாலு வீட்டுச் சாவி. அவர் வண்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், துணியில் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். கடைசியில் என் மனைவியிடம் திரும்பினார்.

"பௌதி, நீங்க பின்னாடி உக்காருங்க. சாவி உங்க கண் முன்னாடியே இருக்கும்."

ஐந்து மாதமாக ஏறமாட்டேன் என்றிருந்தவள். சரியாகவில்லை என்று ருசுவான அந்த நிமிடத்தில், ஹெல்மெட்டை என் தலையிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்! நான் ஓட்டினால் பயம். விக்கும் என்று தெரிந்தே இவர் ஓட்டினால் பயம் இல்லையாம். நான் நடைபாதையில் நின்றேன். ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து என்னிடம் பிரேக் சரியில்லை என்றார். "ஏக்டா ஏக்டா கொரே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது என் மனைவி தூரத்திலிருந்தே மூன்று விரலைக் காட்டிக்கொண்டு வந்தாள். "மூணு தடவ விக்கிச்சு! டிராம் லைன்ல ரெண்டு!" பரிசு வாங்கியவள் மாதிரி முகம். கொத்தைக் கழற்றி அவள் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்றுப் போனார்கள். ஒன்றும் இல்லை.

"ஷுனேச்சி" என்றார் அவர். கேட்டுவிட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். அவள் எட்டிப் படித்துச் சொன்னாள்: 'காரணம்: பதினாலு வீடு.' ஸ்விட்சை மாற்றிவிட்டு அவளிடம், "பௌதி, ஏறலாம்" என்றார். என்னிடம், "தாதா, வண்டிச் சாவி மட்டும்."

எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஊரில் வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் முதல் நாளே கொத்தோடு வாங்கி ஓட்டியிருப்பார், அரைமணியில் கண்டுபிடித்திருப்பார். சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "ஆமா" என்றார். "என்னாலதான் அஞ்சு மாசம்." அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று என் மனைவிதான் வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னாள். அந்தப் பத்து நிமிட ஓட்டத்தில் அவளிடம் சொன்னாராம். என்னிடம் ஆறு வருடத்தில் சொல்லாதது. ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது ஒரு வாடிக்கையாளர் வீட்டுச் சாவியோடு கொத்தை விட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கே அவர் வீட்டு பீரோ காலி. இவரைப் போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்காரவைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள், எடுத்தது அந்த வீட்டு மைத்துனன் என்று தெரிந்தது. வாடிக்கையாளர் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தாராம்.

"வாங்கிகிட்டாரா?"

"பெட்டியத் தொடலையாம்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. முன்னால் தண்டவாளம் வந்தது. வண்டி விக்காமல் தாண்டியது. அவள் கை என் தோளில் இருந்தது.

நாலு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. பூஜைக்குக் கேனிங் தாண்டித் தன் ஊருக்குப் போகிறாராம். உட்காரவில்லை, டீ வேண்டாம் என்றார். சட்டைப் பையிலிருந்து ஷட்டர் பூட்டின் சாவியை எடுத்து நீட்டினார்.

"எல்லார் சாவியும் உங்ககிட்டதானே இருக்கு. இதுவும் இருக்கட்டும்."

"எதுக்கு தாதா? நான் உள்ளே போய் ஏதாவது பாக்கணுமா?"

"ஒண்ணும் பாக்கவேண்டாம்."

தண்ணீர் ஊற்ற அங்கே துளசி இல்லை. விளக்கேற்றவும் சொல்லவில்லை. இத்தனை வருடம் எங்கே வைத்துவிட்டுப் போனார், இந்த வருடம் ஏன் என்னிடம்? கேட்டிருக்கலாம். எனக்கு வந்த பெருமிதத்தில் கேட்க மறந்துபோயிற்று. ஆணியில் தொங்கிய கொத்தில் பதினைந்தாவதாகக் கோத்தேன்.

பூஜை முடிந்து அவர் வந்ததாகத் தெரிந்ததும், காலையில் ஆபீஸ் போகும் வழியில் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினோம். கொத்து என் மனைவியின் கைப்பையில். அவர் மூடிய ஷட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு மூன்று பேர் வண்டியோடு காத்திருந்தார்கள். நான் கொத்தை வாங்கி விரித்தேன்.

பதினைந்து சாவி. அவருடையது எது?

பூட்டுச் சாவியே அதில் ஏழு எட்டு இருந்தது. எல்லாம் ஒரே முகம்.

"எதுன்னு தெரியலையா?" என் மனைவி காதருகே வந்து பல்லைக் கடித்தாள். "மனுசன் நம்பிக் கொடுத்திருக்காரு. ஒரு நூலாவது கெட்டியிருக்கக் கூடாதா?"

"தாதா, உங்களுது எதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கொத்தை அவரிடம் நீட்டினேன்.

"தெரியும்" என்றார். கையை நீட்டவில்லை. "அதுல மத்தவங்க வீடும் இருக்கு." சொல்லிவிட்டு, வழக்கம் போல முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் குந்தி உட்கார்ந்தேன். முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. மூன்றாவது, மாமியின் கோயில் சாவி என்று செருகப்போன பிறகுதான் பார்த்தேன். நெற்றி வியர்வை பூட்டின் மேல் சொட்டியது. காத்திருந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவியின் ஆபீஸ் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை, ஹெல்மெட்டோடு எனக்குப் பின்னால் நின்று, முடிந்த சாவிகளை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் திரும்பாமலே, தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"ஏக்டா ஏக்டா கொரே, தாதா."